யாருக்குரியது அந்த நாய்?

காவேரிப்பட்டினத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, மஃரிபு தொழுதுவிட்டுத் திரும்புகையில், அக்கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடி நிற்கக் கண்டேன். நடுவே, காது ஒன்று கிழிந்த செந்நிற நாயொன்று படுத்திருந்தது. அத்தனை பேச்சும் தன்னைப் பற்றியதுதான் என்பதை அது அறிந்ததாகத் தெரியவில்லை.

வழக்கு இதுதான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, எங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருந்த ஒருவர், 2020 மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தபோது, கிடைத்த வண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு சொந்த ஊர் போய்விட்டார். வண்டியில் நாய்க்கு இடமில்லை. அண்டை வீட்டுத் திண்ணையில் கட்டி, ஒரு மூட்டை அரிசியும் கொடுத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. சில வாரங்களுக்குப் பின், தென்பெண்ணைப் பாலத்தருகே சொறியும் புண்ணுமாகக் கிடந்த ஒரு நாயைப் பஞ்சர் கடைக்காரர் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டார். நாய் பிழைத்தது. கடைக்கு இரவுக் காவலும் ஆயிற்று. இரண்டரை ஆண்டு சென்றபின் பழைய குடும்பம் ஊருக்கே திரும்பி வந்து, இரண்டு தெரு தள்ளி வீடு பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர்களுடைய பெண் குழந்தை கடை வாசலில் நின்று, "மணி!" என்று கூவியது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"பாய், இது எங்க மணி. என் பொண்ணு கையால சோறு தின்னு வளர்ந்தது" என்றார் தொழிலாளி.

"இருக்கலாம் அண்ணே. ஆனா செத்துக் கிடந்ததை எழுப்பினது நான்தானே? எங்களுக்கு இது ஜிம்மி" என்றார் கடைக்காரர். அவரும் ஒரு முறை கூப்பிட்டுக் காட்டினார். அதற்கும் நாய் வாலை ஆட்டியது.

இருவர் கையிலும் தடுப்பூசி அட்டை இருந்தது. ஒன்று 2019ஆம் ஆண்டினது. மற்றொன்றில் 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் முத்திரைகள். காது கிழிந்திருந்ததும் ஒரு சிக்கலாயிற்று. கருத்தடை செய்து விடப்பட்ட தெருநாய்க்குக் காதில் வெட்டி அடையாளமிடுவது வழக்கம். ஆகவே அது தெருநாய்தான், எவருக்கும் உரியதன்று என்று கூட்டத்தில் ஒருவர் வாதாடினார். இல்லை, அது சண்டையில் கடிபட்ட காது என்றாள் அந்தச் சிறுமி. எந்த நாய் கடித்தது என்பதையும் சொன்னாள்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன். "சார் சொல்லட்டும்" என்று இருவரும் என் பக்கம் திரும்பியபோது, ஒரு வாரம் தவணை கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அந்த ஒரு வாரத்திலும் அதன் பின்னரும் தேடிப் படித்தவற்றையே ஈண்டு வாசகர் முன் வைக்கிறேன்.

கல்லில் எழுதிய இரண்டு நாய்கள்

எங்கள் ஊரைக் கடந்து செல்லும் தென்பெண்ணை, கீழே சாத்தனூரை நோக்கிப் பாய்கிறது. அந்தச் செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், நடப்பட்டது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனின் உருவத்துக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கெனத் தனியாகவே கல்லில் எழுதியிருக்கிறார்கள். வீரன் யாருக்கு ஊழியம் செய்தான் என்று சொல்லும் கல், நாய் யாருடையது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்திராது. யாருடைய எருமைகளுக்காகக் கடித்ததோ அவருடைய நாய்.

இரண்டாவது கல் நம் எல்லைக்கு அப்பால், கன்னட நாட்டில், மத்தூரை அடுத்த ஆதகூரில் கிடைத்தது. இப்பொழுது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் போகிறவர்கள் ஒருமுறை சென்று காணலாம். நம் கதைக்கு இதைவிட நெருங்கிய சான்று வேறில்லை. கி.பி. 949-50ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தனை எதிர்த்த போரைச் சொல்கிறது. அப்போரில் கங்க மன்னன் பூதுகன் இராட்டிரகூடர் பக்கம் நின்றான். அவனுடைய வீரன் மணலேரன் அருஞ்செயல் புரிந்தான். மகிழ்ந்த மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். ஊரைக் கேட்கலாம், பொன்னைக் கேட்கலாம். மணலேரனோ மன்னனின் வேட்டை நாயாகிய காளியைக் கேட்டான். பூதுகன் கொடுத்தான். பின்னர், பேளத்தூர்க் குன்றில் ஒரு பெருங்காட்டுப் பன்றியின் மீது காளி ஏவப்பட்டது. பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று மாண்டன. நாய்க்குக் கல் நாட்டி, நிலமும் விடப்பட்டது. அக்கல்லுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் உண்ணும் பூசகனுக்குப் பாவம் சேரும் என்று எச்சரிக்கையும் பொறித்தார்கள்.

கல்வெட்டு அறிஞர்கள் இதைச் சோழர் வரலாற்றுக்காகப் படிப்பார்கள். இராசாதித்தன் மடிந்தது அதில் பெரிய செய்தி. எனக்கோ அதில் ஒரு கைமாற்றப் பத்திரம் தெரிந்தது. இன்னாருடைய நாய், இன்ன காரணத்தால், இன்னாருக்குப் போயிற்று. மனமுவந்து கொடுத்தார், கேட்டு வாங்கினார். கொடுத்தவரும் வாங்கியவரும் உடன்பட்ட ஒரு கைமாற்றம் நடந்துவிட்டால் வழக்கே எழாது. எங்கள் தெருவில் எழுந்த வழக்கில் குறைவாக இருந்தது அந்த ஒன்றுதான். ஒருவர் இழந்தார், கொடுக்கவில்லை. மற்றவர் எடுத்தார், பறிக்கவில்லை.

சட்ட நூலார் கண்ட வழி

இழந்ததற்கும் கொடுத்ததற்கும் இடையிலுள்ள இந்த இடத்தைப் பற்றி நம் ஃபிக்ஹு நூலார் எவ்வளவு நுட்பமாகச் சிந்தித்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. நாய் என்றவுடன் நம்மில் பலர் முகத்தைச் சுளித்து, பாத்திரத்தை ஏழு தடவை கழுவும் சட்டத்தோடு பேச்சை முடித்துவிடுவர். ஆனால் மந்தைக்கும் விளைநிலத்துக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. பயிற்றிய வேட்டை விலங்கு பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று மாயிதா அத்தியாயம் கூறுகிறது. குகைவாசிகளின் வாயிலில் முன்கால்களை விரித்துப் படுத்திருந்த நாயைக் கஹ்ஃபு அத்தியாயம் நினைவில் நிறுத்துகிறது. நாய் வளர்ப்பே இல்லாத சமுதாயமாக நாம் என்றும் இருந்ததில்லை. இங்கே மாந்தோப்புக் காவலுக்கு நாய் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

முதற்கேள்வி: நாய் உடைமைப் பொருளா? ஹனஃபி சட்டத்தில் பயன்படும் நாயை விற்கலாம், வாங்கலாம். ஆகவே அது உடைமை. ஷாஃபிஈ சட்டத்தில் விற்பனை செல்லாது, விலையும் கூடாது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படுவது பிந்தியது. எங்கள் வட மாவட்டங்களில் முந்தியதைப் பின்பற்றுவோரே மிகுதி. அப்படியானால், ஷாஃபிஈ ஒருவரின் காவல் நாயை வேறொருவர் பிடித்துச் சென்றுவிட்டால், உடைமையல்லாத ஒன்றுக்கு வழக்குண்டா? இங்கேதான் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் சொல்லாட்சியைக் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி 676இல் மறைந்த அப்பெருமகனார் தம் மின்ஹாஜில், அபகரிப்பு என்பதற்கு இலக்கணம் கூறும்போது, பிறர் பொருளைக் கைப்பற்றுதல் என்று எழுதாமல், பிறர் உரிமையைக் கைப்பற்றுதல் என்று எழுதினார்கள். ஏன் பொருள் என்னாமல் உரிமை என்றார் எனக் கேட்ட உரையாசிரியர்கள், நாயைப் போன்றவையும் அதில் அடங்க வேண்டும் என்பதற்காக என்று விளக்கம் தந்தார்கள். விலையில்லாத ஒன்றிலும் ஒருவருக்குத் தனியுரிமை உண்டு; எடுத்தவன் திருப்பித் தர வேண்டும். 'தெருநாய்க்கு என்ன சார் விலை' என்று கூட்டத்தில் கேட்டவருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை எழுதப்பட்டுவிட்டது.

இரண்டாவது கேள்வி, கண்டெடுத்தது பற்றியது. ஸைத் இப்னு காலித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. கண்டெடுத்த பணப்பையை என்ன செய்வது என்று கேட்டவரிடம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதன் உறையையும் கயிற்றையும் அடையாளம் பார்த்து வைத்துக்கொண்டு ஓராண்டு அறிவிப்புச் செய்யுமாறு பணித்தார்கள். வழிதவறிய ஆட்டை எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டால் ஓநாய்க்குப் போகும். வழிதவறிய ஒட்டகத்தையோ தொடாதே. அதனிடம் தண்ணீரும் உண்டு, நடக்கக் காலும் உண்டு, உடையவன் வந்து காணும் வரை அது பிழைத்துக்கொள்ளும். அந்த ஹதீஸின் கருத்து இது. தன்னைத் தானே காத்துக்கொள்ளுமா என்பதே அளவுகோல். அப்படியானால் நாய் ஆடா, ஒட்டகமா? தெருவிலே பிறந்து தெருவிலே வளர்ந்த நாய் ஒட்டகம்போல். வாசலில் நின்று யாராவது சோறு வைப்பார்களென்று காத்திருக்கும் வளர்ப்பு நாய் ஆடுபோல். புண்பட்டுப் பாலத்தடியில் கிடந்தது ஐயமின்றி ஆடுதான். கடைக்காரர் எடுத்ததில் குற்றமில்லை. ஆனால் அறிவிப்புச் செய்தாரா? கேட்டேன். ஊரடங்கில் யாரிடம் போய் அறிவிப்பது என்று திருப்பிக் கேட்டார்.

ஒட்டகத்தின் கதை அத்துடன் முடியவில்லை. உமர் (ரலி) காலம் வரை வழிதவறிய ஒட்டகங்கள் விட்டபடியே மேய்ந்தன. உஸ்மான் (ரலி) காலத்தில் நிலைமை மாறியது. அறிவிப்புச் செய்து விற்று, உடையவர் வந்தால் விலையைக் கொடுக்க ஆணையிட்டார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்திருக்கிறார்கள். அலீ (ரலி) அவர்கள் அத்தகைய விலங்குகளுக்கென்றே ஒரு தொழுவம் அமைத்து, பொதுக் கருவூலத்திலிருந்து தீனி போட்டு, கொழுக்கவும் விடாமல் மெலியவும் விடாமல் காத்து, சான்றோடு வந்தவரிடம் ஒப்படைத்தார்கள் என்றொரு செய்தியும் உண்டு. இன்று புகலிடம் என்று பெயரிட்டு நகரங்களில் நடத்தப்படுபவற்றின் மூத்த வடிவம் அது.

மூன்றாவது கேள்விதான் எங்கள் தெருவுக்கு நேரே உரியது. தீனி போட இயலாமல் ஒருவர் விட்டுப்போன விலங்கை, மற்றொருவர் எடுத்து உயிர்ப்பித்தால் அது யாருடையது? உயிர்ப்பித்தவருக்கே என்று கருத்துத் தரும் ஓர் அறிவிப்பை இமாம் அபூதாவூத் (ரஹ்) ஷஅபீ வழியாகத் தம் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அதன்படியே தீர்த்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, உடைமை பழையவருக்கே, காப்பாற்றியவர் செய்தது நற்செயல், அதற்குக் கூலி கேட்க முடியாது என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) நடுவழி கண்டார்கள்: விலங்கு பழையவருக்கு, செலவு காப்பாற்றியவருக்கு.

இந்த மூன்று விடைகளுக்கு வெளியே நான்காவது விடையை இன்றுவரை எந்த நீதிமன்றமும் கண்டுபிடித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அரை ரூபாய் நாய்

ஆங்கிலேயர் வந்தபின், உடையவன் உள்ளவன், உடையவன் இல்லாதவன் என்று நாய் இரண்டு சாதியாகப் பிரிந்தது. பம்பாயில் 1813ஆம் ஆண்டு ஆணை ஒன்று, கோடையில் குறித்த நாள்களில் உடையவரில்லா நாய்களைக் கொல்ல இடமளித்தது. 1832இல் அக்கால எல்லையை நீட்டினார்கள். நாயொன்றுக்கு எட்டணா வெகுமதி. எட்டணா அக்காலத்துக் காவலனுக்குச் சிறு தொகையன்று. ஆகவே வீட்டு வாசலில் படுத்திருந்ததும், வீட்டுக்குள்ளே நின்றதும் உடையவரில்லா நாயாகிவிட்டன. நாயைப் புனிதமாக மதிக்கும் பார்சி மக்கள் ஜூன் 6ஆம் நாள் காவலர்களைத் தாக்கினார்கள். மறுநாள் கடைகளை அடைத்து, கொலாபாவிலிருந்த படைக்கு உணவுப்பொருள் போகாமல் தடுத்தார்கள். படை வந்தது, பலர் கைதாயினர். ஜம்சேத்ஜி ஜீஜீபாய் போன்ற பெருவணிகர்கள் தலையிட்டுச் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. இதைப் பம்பாய் நாய்க் கலகம் என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. சமயப் பற்றே அதன் காரணம் என்று எழுதிவிடுவது எளிது. வீட்டு நாயைப் பிடித்துச் செல்லும்போது 'இது என்னுடையது' என்று சொல்லும் வாய்ச்சொல்லுக்கு அரசு மதிப்பளிக்கவில்லை என்பதும் அதற்கு நிகரான காரணம் என்பேன்.

கால்நடைக்கு இருந்த முறை நாய்க்கு இல்லாமற் போனதையும் குறிப்பிட வேண்டும். 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி, பயிரில் மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைப்பார்கள். நம் பாட்டன்மார் 'பட்டியில் போட்டுவிட்டான்' என்று திட்டிக்கொண்டு போய் அபராதம் கட்டி மீட்டு வந்தது இந்தச் சட்டத்தின்படிதான். ஏழு நாளில் உடையவர் வராவிட்டால் அறிவிப்பு ஒட்டி, மேலும் ஏழு நாள் பொறுத்து, ஏலம் விடுவார்கள். விற்ற பணத்தில் செலவு போக மீதி உடையவருக்கென்று வைக்கப்படும். ஆலம்பாடி மாடுகளுக்குப் பேர்போன இந்தச் சேலம், தருமபுரிப் பக்கத்தில் மாட்டின் உரிமை இவ்வாறு ஏட்டில் ஏறியது. நாய்க்கு ஏடு இல்லை.

ஆனால் ஒரு பொதுச் சட்டம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குள்ள பொறுப்பு உண்டு என்கிறது. 168ஆம் பிரிவு இன்னும் நயமானது. உடையவரைத் தேடவும் பொருளைப் பாதுகாக்கவும் தானாக விரும்பிச் செய்த செலவுக்காகக் கண்டெடுத்தவர் வழக்குப் போட முடியாது. ஆனால் செலவைத் தரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். வழக்கில்லை என்னும் பகுதியில் இமாம் ஷாஃபிஈயின் குரலும், வைத்துக்கொள்ளலாம் என்னும் பகுதியில் இமாம் மாலிக்கின் குரலும் எனக்குக் கேட்டன. சட்டத்தை எழுதிய ஆங்கிலேயர் அவ்விருவரையும் படித்தனர் என்று நான் சொல்லவில்லை. ஒரே சிக்கலை நேர்மையாக எண்ணுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேருகிறார்கள். 169ஆம் பிரிவோ சிரிப்பை வரவழைத்தது. செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிட்டால், உடையவர் கிடைக்காதபோதோ செலவைத் தர மறுக்கும்போதோ, விற்றுவிடலாமாம். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த நாய்க்குச் சந்தை மதிப்பு என்ன? முதல் நாள் வைத்த பாலிலேயே மூன்றில் இரண்டு பங்கு தாண்டியிருக்கும்.

காப்பாற்றியவர்களும் தத்தெடுத்தவர்களும்

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன்வழி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல். சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், அடிபட்ட நாயை எடுத்து மருத்துவம் செய்து புதிய வீட்டில் சேர்க்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் பரப்பியது. பட்டினி கிடக்கும்படி விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். முதன்முறைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் என்று அன்று எழுதியது இன்றும் சட்டத்தில் அப்படியே நிற்கிறது. அண்டை வீட்டில் அரிசியோடு கட்டிப்போனவரைக் கைவிட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காப்பாற்றி இன்னொரு வீட்டில் சேர்த்த நாய்க்குப் பழைய உரிமையாளர் வந்து நின்றால் என்னாகும்? தன்னிடம் இல்லாத உரிமையைப் பிறருக்குக் கொடுக்க முடியாது என்பது 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்திலும் காணும் பொது நெறி. தத்துப் பத்திரத்தில் எத்தனை கையொப்பம் இருந்தாலும், கொடுத்தவர் கண்டெடுத்தவரேயானால், பெற்றவரும் அந்நிலையிலேயே நிற்கிறார். இது எவ்வளவு வேதனையைத் தரவல்லது என்பதை அமெரிக்கா 2005இல் கண்டது. ஆகஸ்டு 29ஆம் நாள் காத்ரீனாப் புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தது. மக்களை ஏற்றிய ஊர்திகளிலும் முகாம்களிலும் விலங்குகளுக்கு இடம் தரவில்லை. பின்னர் தொண்டர்கள் ஆயிரக்கணக்கான நாய்களைப் படகில் மீட்டு, தொலைவிலுள்ள மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். வீடிழந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் தேடி அலைந்து, நாயைக் கண்டுபிடித்தபோது, அது வேறு பெயரோடு வேறு வீட்டில் இருந்தது. ஃபுளோரிடாவில் பாம் பாண்டி என்னும் அரசு வழக்கறிஞர் புகலிடத்திலிருந்து ஒரு செயின்ட் பெர்னார்டு நாயைத் தத்தெடுத்து நோவா என்று பெயரிட்டார். அது லூசியானாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மாஸ்டர் டேங்க். நீண்ட வழக்குக்குப் பின், தீர்ப்பு வருமுன்னரே, 2007இல் சமாதானமாகி நாய் பழைய வீட்டுக்குப் போயிற்று. பாண்டி பிற்காலத்தில் அந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரானார். 2025இல் அமெரிக்க நாட்டின் தலைமை வழக்கறிஞராகவும் பொறுப்பேற்றார். 2006இல் அந்நாடு இயற்றிய சட்டம், பேரிடர்த் திட்டங்களில் வீட்டு விலங்குகளுக்கும் வழி செய்ய வேண்டும் என்று மாநிலங்களைப் பணித்தது. நாயைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் சிலர் சொன்ன வாதம் ஒன்று உண்டு: உண்மையான அன்பிருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பார்களா? வண்டியில் ஏற்ற விடாதவர்கள் யார் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகிறது. ஏழையின் இயலாமையை அன்பின்மை என்று எழுதிவிடும் இந்தப் பழக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. எங்கள் பஞ்சர் கடை வாசலிலும் அந்தச் சொல் எழுந்தது.

நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 2020இல் ஒரு லாப்ரடார் நாய்க்கு இருவர் உரிமை கோரினர். ஒருவர் கோக்கோ என்றார். மற்றவர் டைகர் என்றார். இருவர் குரலுக்கும் நாய் வாலாட்டியதோ என்னவோ, காவல் நிலையத்தார் மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டனர். நாய்க்குட்டியை வாங்கிய இடத்திலிருந்த தந்தை நாயோடு ஒப்பிட்டு, மறு ஆண்டு கோக்கோ என்று முடிவாயிற்று. சாதி நாய்க்கு அது முடியும். எங்கள் செந்நிற நாயின் தந்தையை எந்தத் தெருவில் தேடுவது?

2023இல் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2001ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்தன. 2025 ஆகஸ்டு 11இல் உச்ச நீதிமன்றம் தலைநகர் தில்லிப் பகுதியின் தெருநாய்களைப் புகலிடத்தில் அடைக்கச் சொன்னது. அதே மாதம் 22இல் மூன்று நீதிபதிகள் அவ்வாணையைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றனர். வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சியில் விண்ணப்பிக்கலாம், அந்நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் கடன் என்றும் சொன்னார்கள். உரிமை என்பதன் மறுபக்கத்தை நீதிமன்றம் அங்கே எழுதிவிட்டது.

எல்லைப்புறத்தின் சிக்கல்

எங்கள் ஊர் கைமாற்றத்துக்குப் பழகிய ஊர். 1767இல் ஒரே ஆண்டில் இங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஹைதர் அலி மீட்டார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் கும்பினியின் கைக்குப் போயிற்று. இன்று கைமாறுவது வேறு. தொழிற்பேட்டைகள் எழுந்தபின், தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் ஓராண்டு இங்கே, மறு ஆண்டு பெங்களூர்ப் பக்கம் என்று வீடு மாறுகின்றன. நாய் வளர்க்க விடாத வீட்டுக்காரர்களும் உண்டு. வேலை மாறினால் நாய் தெருவில். மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் ஒரு நகராட்சியின் ஏடு மற்றொன்றுக்குத் தெரியாது. சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. தோலுக்கடியில் அரிசியளவு பொறித்துண்டு. கருவியைக் காட்டினால் எண் தெரியும். ஆதகூர்க் கல்வெட்டு செய்ததை அது செய்யும். எங்கள் ஊர் வரை வர நாளாகலாம்.

ஒரு வாரம் கழித்து இரு குடும்பத்தாரும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். மூன்று இமாம்களின் விடைகளையும் சொன்னேன். ஒப்பந்தச் சட்டத்தையும் சொன்னேன். உடைமை பழையவருக்கே என்பது என் கருத்து என்றும், செலவைப் பெறும்வரை நாயை வைத்துக்கொள்ளக் கடைக்காரருக்கு உரிமையுண்டு என்றும் கூறினேன். கடைக்காரர் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டார். ஊசி, மருந்து, அரிசி என்று வந்த தொகை சிறிதன்று. தொழிலாளியின் முகம் வாடிற்று. அப்பொழுது உள்ளே என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி கதவருகே வந்து, "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. சோத்துக்குக் கணக்கெழுதி நம்ம வீட்ல யாரும் காசு வாங்கினதில்ல" என்றார். தாள் கிழிக்கப்பட்டது.

நாய் பழைய வீட்டுக்குப் போயிற்று. இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கும் நேரத்தில் தானாக எழுந்து வந்து ஷட்டரின் முன் படுத்துக்கொண்டது. காலையில் அந்தச் சிறுமி பள்ளிக்குப் புறப்படும் நேரத்துக்குத் திரும்பிப் போயிற்று. நான்கு நாள் கட்டிப் பார்த்தார்கள், ஊளையிட்டது. பிறகு கட்டுவதை விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்தே அதை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றனர். உரிமையாளர் பெயர் என்ன என்று எழுத்தர் கேட்டதற்கு இரண்டு பெயர் சொன்னார்கள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டையும் எழுதினார். நாயின் பெயர் இருந்த இடத்தில், காவல் நிலையப் பதிவேட்டில் எழுதுவதுபோல், மணி (எ) ஜிம்மி என்று எழுதிக் கொடுத்தார்.